ஓடு மாற்றிய கதை

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து வருகிறேன். தலைப்பில் எழுத்துப்பிழை விட்டிருக்கிறேன். படத்தின் கீழே ஆள்மாறிப் பெயர் போட்டு மறுநாள் திருத்தம் வெளியிட்டிருக்கிறேன். ஆனால், திகதி விடயத்தில் மட்டும் நான் கவனமானவன் என்றே எண்ணி வந்தேன். அதற்குக் காரணம் எனது முதலாவது செய்தி ஆசிரியர். "தம்பி, பேர் பிழைச்சால் ஆள் வந்து சண்டை பிடிப்பான், நாங்கள் திருத்தலாம். திகதி பிழைச்சால் ஒருத்தரும் வராயினம். அது அப்பிடியே கிடக்கும்" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

அவரிடம் தொழில் பழகிய நான், 2020 ஆம் ஆண்டில், ஒரே மாலைப்பொழுதில், ஏறத்தாழ எண்ணூறு செய்திகளினதும் கட்டுரைகளினதும் திகதிகளை ஒரு மாதத்தால் பிழையாக்கினேன். மூன்று ஆண்டுகள் அது எனக்குத் தெரியவும் இல்லை. கணினியில் 'ஷெல்' எனப்படும் ஒன்றை நான் மாற்றிக்கொண்டதே அதன் தொடக்கம். நம்மவர்களில் பலர் பழைய எழுத்துகளைப் புதிய கணினிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருப்பதால், இதனை விரிவாக எழுதி வைப்பது பயன்தரும் என நினைக்கிறேன்.

கலைப்பீடத்தில் படித்த ஒருவனுக்குக் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் கறுப்புத் திரையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தத் திரைக்கு என்னை அழைத்துச் சென்றது பாமினி எழுத்துரு. தொண்ணூறுகளில் ஈயத்தை விட்டுக் கணினிக்கு வந்த எமது பத்திரிகைகளில் பெரும்பாலான எழுத்துகள் இத்தகைய எழுத்துருக்களிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு அது. திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும்.

எனது எழுத்துகள் முதலில் நெகிழ்வட்டுகளிலும், பின்னர் இறுவட்டுகளிலும் இப்படியே கிடந்தன. 1994 முதல் 2003 வரையான காலத்தில் சுமார் ஆயிரத்து நானூறு கோப்புகள். அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்ற வேண்டும் என்ற ஆசை நெடுநாள் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, படி எடுத்து, மாற்றி, மீண்டும் சேமிப்பதென்றால் ஆயுள் போதாது. 2012 இல், எமது காரியாலயத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றிய இளைஞர் ஒருவர் எனது அவதியைப் பார்த்து, "சேர், உங்களிட்ட இருக்கிறது மெக் தானே? அதுக்குள்ள யூனிக்ஸ் இருக்கு. இருநூறு கோப்பை இருபது செக்கனில மாத்தலாம்" என்றார். அன்றிலிருந்து மூன்று மாதம், சனிக்கிழமை தோறும், தேநீர் இடைவேளையில் அவரிடம் பாடம் கேட்டேன். என்னைவிட இருபது வயது இளையவர். ஆயினும் அந்த விடயத்தில் அவரே எனக்கு ஆசிரியர்.

ஷெல் என்றால் என்ன? தமிழில் 'ஓடு' எனலாம். இயங்குதளத்தின் உட்கருவைச் சுற்றி இருப்பதால் அந்தப் பெயர். 1960களின் நடுப்பகுதியில், மல்ட்டிக்ஸ் என்ற பெருங்கணினித் திட்டத்தின்போது, லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தச் சொல்லை வழக்குக்குக் கொண்டு வந்தார். நாம் தட்டச்சுச் செய்யும் வரியை வாசித்து, அதன் பொருளை உணர்ந்து, உரிய நிரலை அழைத்து இயக்குவது இதன் வேலை.

எமது நாட்டு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார். பழையவர்கள் அவரை 'முதலியார்' என்பார்கள். சாட்சி தனது மொழியில் சொல்வதை அவர் நீதிபதியின் மொழியில் சொல்வார். பதிவாவது சாட்சி சொன்ன சொல்லன்று. முதலியார் சொன்ன சொல். ஷெல் என்பதும் அத்தகைய முதலியார்தான். முதலியார் மாறினால் வழக்கு மாறாது, சாட்சியும் மாறார். ஆனால் ஒரு சொல்லை முன்னவர் விளங்கிக்கொண்ட விதமும் பின்னவர் விளங்கிக்கொள்ளும் விதமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. எனக்கு நேர்ந்தது இதுவே.

யூனிக்ஸ் உலகில் இந்த முதலியார்கள் பலர். 1971 இல் கென் தொம்சன் எழுதியது யூனிக்ஸின் முதல் ஷெல். 1979 இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் 'சி ஷெல்'லை ஆக்கினார். 1989 இல் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபொக்ஸ் எழுதியதே 'பாஷ்'. போர்ன் என்ற பெயரும் ஆங்கிலத்தில் பிறத்தலைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்திருப்பதால், 'மறுபடியும் பிறந்த ஷெல்' என்று சிலேடையாக அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, 1990 இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் போல் ஃபால்ஸ்டட் இன்னொன்றை எழுதினார். அங்கே உதவி விரிவுரையாளராக இருந்த ஜோங் ஷாவ் என்பவரின் கணினிப் பயனர் பெயர் ஒரு ஷெல்லுக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று கருதி, அதையே தமது ஆக்கத்துக்குச் சூட்டினார். அதுவே 'இசட் ஷெல்'.

கணினியை வாங்கும்போது இவற்றில் ஏதோ ஒன்று ஏற்கெனவே நியமிக்கப்பட்டிருக்கும். அதை இயல்புநிலை ஷெல் என்கிறார்கள். 'இயல்பு' என்று சொல்லிக்கொண்டாலும் அது எவரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து எடுத்த முடிவு. மெக் கணினிகளில் முதலில் சி ஷெல் வழிவந்த ஒன்று இருந்தது. 2003 இல் அது பாஷ் ஆயிற்று. 2019 ஒக்டோபரில் வெளியான 'கற்றலினா' பதிப்பிலிருந்து இசட் ஷெல் ஆயிற்று. காரணத்தை அப்பிள் நிறுவனம் விரித்துரைக்கவில்லை. ஆயினும் அது உரிமம் சம்பந்தப்பட்டது என்பதே கணினி அறிந்தோரின் பொதுவான கருத்து. பாஷின் 4 ஆம் பதிப்பு 2009 இல் வந்தபோது, 2007 இல் வெளியான குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வந்தது. நிறுவனங்கள் பல அந்த உரிமத்தின் நிபந்தனைகளை விரும்பவில்லை. மெக்கில் இருந்த பாஷ், 2006 ஆம் ஆண்டின் 3.2 ஆம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. இசட் ஷெல்லுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஆகவே மாற்றினார்கள்.

ஆனால் எவரையும் அவர்கள் வற்புறுத்தவில்லை. ஏற்கெனவே பாஷில் இருந்தவர்களை அப்படியே இருக்க விட்டார்கள். திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், 'இப்போது இயல்புநிலை ஷெல் இசட் ஷெல் ஆகும். மாற விரும்பினால் இந்தக் கட்டளையைத் தருக' என்ற பொருளில் ஓர் அறிவித்தல் மட்டும் வரும். எனது கணினியும் அவ்வாறே சொல்லியது. மாதக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச்சில் கொழும்பில் ஊரடங்கு வந்தது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த வாரங்களில், 1999 வரையான மீதிக் கோப்புகளை மாற்றி முடிப்பதென்று தீர்மானித்தேன். வேலை தொடங்கிய அன்று அந்த அறிவித்தல் மீண்டும் கண்ணில் பட்டது. புதிய வேலையைப் புதிய ஷெல்லில் தொடங்குவோமே என்று தோன்றியது. அதில் சிறிது பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐம்பதைத் தொடும் வயதில் ஷெல் மாற்றத் தெரிந்த பத்திரிகையாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மாற்றுவது மிக எளிது. சி, எச், எஸ், எச் என்ற நான்கு எழுத்துக் கட்டளை. அதன் பின்னே புதிய ஷெல் இருக்கும் இடத்தின் முகவரி. கணினி கடவுச்சொல்லைக் கேட்கும். அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியல் ஒன்று கணினியில் உண்டு. நீங்கள் கேட்பது அதில் இல்லையென்றால் மறுத்துவிடும். இருந்தால், சத்தமின்றி ஏற்றுக்கொள்ளும். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதை மூடி வேறொன்றைத் திறந்தால் புதிய முதலியார் வந்து அமர்ந்திருப்பார். வரியின் முடிவில் டொலர் குறி இருந்த இடத்தில் சதவீதக் குறி நின்றது. வேறொரு வேறுபாட்டையும் நான் காணவில்லை.

பாஷ் தனது அமைப்புகளை ஒரு கோப்பிலும், இசட் ஷெல் தனது அமைப்புகளை வேறொரு கோப்பிலும் வைத்திருக்கும். ஆகவே 2012 இல் தம்பியின் உதவியோடு எழுதிய கட்டளைத் தொகுதியைப் பழைய கோப்பிலிருந்து படி எடுத்துப் புதியதில் ஒட்டினேன். எழுத்து ஒன்றையும் மாற்றவில்லை.

முதலில் இரண்டு தகராறுகள் வந்தன. 1994 முதல் 1999 வரையான ஆண்டுகளை ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதி, அந்த வரிக்கு ஒரு பெயர் கொடுத்திருந்தேன். அந்தப் பெயரைக் கண்டால் பாஷ் இடைவெளிதோறும் வெட்டி ஆறு ஆண்டுகளாக எடுக்கும். இசட் ஷெல் வெட்டாது. முழுவதையும் ஒரே சொல்லாகக் கருதி, அப்படியொரு கோப்புறை இல்லை என்றது. இரண்டாவது, உடுக்குறி சம்பந்தமானது. 'இப்படித் தொடங்கும் கோப்புகள் யாவும்' என்று உடுக்குறியால் கேட்டு, அப்படி ஒன்றுமே இல்லாவிட்டால், பாஷ் அந்தக் குறியை உள்ளபடியே விட்டுவிட்டு மேலே போகும். இசட் ஷெல் பொருத்தம் இல்லை என்று அறிவித்து நின்றுவிடும். இவை இரண்டையும் தேடிக் கற்றுத் திருத்தினேன். அதன் பிறகு தொகுதி தடையின்றி ஓடியது. ஏறத்தாழ எண்ணூறு கோப்புகள், ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில், பாமினியை விட்டு யூனிக்கோட்டுக்கு வந்தன. சில கோப்புகளைத் திறந்து பார்த்தேன். எழுத்துகள் பொன்போல் இருந்தன. அன்று இரவு மனைவியை அழைத்துக் காட்டியதும் நினைவிருக்கிறது.

2023 இல் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் முன்பின் அறியாத ஒரு பெண். 1996 இல் யாழ்ப்பாணத்தில் கைதாகி, அதன் பின் திரும்பி வராத ஓர் ஆசிரியரின் மகள். தந்தையார் கொண்டு செல்லப்பட்ட செய்தி அந்நாளில் எமது பத்திரிகையில் வந்தது என்றும், அதை நானே எழுதியதாகத் தாயார் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தார். தாயார் அளிக்கவிருக்கும் ஒரு வாக்குமூலத்துக்கு அந்தச் செய்தி வெளியான திகதி தேவைப்பட்டது. பத்திரிகை நறுக்கு அவர்கள் இடம்பெயர்ந்த ஏதோ ஒரு வீட்டில் தொலைந்துவிட்டது.

பெயரைத் தேடினேன். மாற்றி வைத்த கோப்புகளில் அது சில நொடிகளில் அகப்பட்டது. இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டோம் என்று மனம் நிறைந்தது. கோப்புறையின் பெயர் 1996, உள்ளே ஜூலை, கோப்பின் பெயரில் நாள் 19, பக்கம் 3. செய்தியை அப்படியே படி எடுத்து, '1996 ஜூலை 19 ஆம் திகதி, மூன்றாம் பக்கம்' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு அவர் எழுதியிருந்தது இது: "ஐயா, குறை நினைக்க வேண்டாம். ஜூலை 27 எனது எட்டாவது பிறந்தநாள். அன்றைக்கு அப்பா வீட்டில் இருந்தவர். எனக்குத் தெரிந்து அவரோடு நான் இருந்த கடைசிப் பிறந்தநாள் அதுதான். 19 ஆம் திகதியே அவரைக் கொண்டுபோன செய்தி வந்ததென்றால், என்னுடைய ஞாபகம் பிழையா? அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை."

அதை வாசித்தபோது எனக்கு வியர்த்தது. இருபத்தேழு ஆண்டுகளாக அந்தப் பெண் காத்து வந்த ஒரு நாளை, எனது கோப்பு பொய்யாக்கப் பார்த்தது. அவரோ எனது கோப்பைச் சந்தேகிக்காமல் தமது நினைவைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். பத்திரிகையாளன் சொல்லும் திகதிக்கு மக்கள் மத்தியில் அத்தகைய மதிப்பு இன்னும் இருக்கிறது.

செய்தியை மீண்டும் வாசித்தேன். முதல் வாக்கியத்திலேயே, உறவினர்கள் 'நேற்று ஞாயிற்றுக்கிழமை' மகஜர் கையளித்ததாக நான் எழுதியிருந்தேன். 1996 ஜூலை 19 வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் நேற்று எப்படி ஞாயிறாகும்? பயிலுநராக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதலாவது சரிபார்ப்பு இதுதான். திகதியோடு கிழமையைப் பொருத்திப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடாதே என்பேன். அதை நானே செய்திருக்கவில்லை.

பழைய இறுவட்டைத் தேடி எடுத்தேன். மூலக் கோப்பின் பெயரில் 96, 8, 19, 3 என்ற எண்கள் இருந்தன. எட்டாம் மாதம். ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை.

ஒன்று பிழையென்றால் மற்றவை? 1996 ஆம் ஆண்டுக் கோப்புறை முழுவதையும் இறுவட்டோடு ஒப்பிட்டேன். ஆகஸ்ட் செய்திகள் ஜூலையில் இருந்தன. ஜூலை செய்திகள் ஜூனில். பெப்ரவரி ஜனவரியாகியிருந்தது. ஜனவரிச் செய்திகள் எந்த மாதத்திலும் சேராமல், ஆண்டுக் கோப்புறையின் வாசலிலேயே சிதறிக் கிடந்தன. டிசெம்பர் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை 2020 இலேயே நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். அந்த டிசெம்பரில் விடுமுறையில் ஊருக்குப் போயிருப்பேன் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். மற்ற ஐந்து ஆண்டுகளின் டிசெம்பரையும் திறந்து பார்த்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

தற்போது மெல்பேர்ணில் வசிக்கும் எனது கணினி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். தொகுதியை அனுப்பச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தார்.

"அண்ணை, மாசங்களின்ர பேரை வரிசையா வைச்சிருக்கிறம் என்ன? பாஷ் அந்த வரிசையைப் பூச்சியத்தில இருந்து எண்ணும். அதாலதான் அண்டைக்கு நான் மாச எண்ணில இருந்து ஒண்டைக் கழிக்கச் சொன்னனான். இசட் ஷெல் ஒண்டில இருந்து எண்ணும். கழிக்கத் தேவையில்லை. நீங்கள் கழிச்சபடியே விட்டிட்டியள்."

விடயம் அவ்வளவுதான். எட்டாம் மாதத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏழு. பூச்சியத்திலிருந்து எண்ணுபவருக்கு ஏழு என்பது ஆகஸ்ட். ஒன்றிலிருந்து எண்ணுபவருக்கு அது ஜூலை. ஜனவரிக்குக் கிடைத்தது பூச்சியம். இசட் ஷெல்லின் வரிசையில் பூச்சியத்தில் எவரும் இல்லை. அதனால் வெறுமையைத் திருப்பித் தந்தது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அதன் கணக்கில் அது பிழையன்று. சி ஷெல் மரபிலும் எண்ணிக்கை ஒன்றில்தான் தொடங்குகிறது. சத்தம் போட்ட இரண்டு தகராறுகளையும் திருத்திவிட்டு, எல்லாம் சரி என்று நான் இருந்துவிட்டேன். சத்தம் போடாத மூன்றாவது தங்கிவிட்டது.

"யோசியாதேங்கோ அண்ணை" என்று அவர் ஆறுதல் சொன்னார். "பாஷுக்குள்ளயே ஒரு பெரிய ஓட்டை 1989 இல இருந்து இருந்தது. 2014 இலதான் ஆக்கள் கண்டவை. ஷெல்ஷொக் எண்டு உலகம் முழுக்க அல்லோலகல்லோலம். உங்கட பிழை மூண்டு வருஷம்தானே." சிரித்தேன். ஆயினும் எனது பிழையின் அளவு வருடங்களில் இல்லை, அந்த மின்னஞ்சலில் இருந்தது.

பின்னர் நான் கேட்டேன்: "அப்ப நான் ஷெல்லை மாத்தினதே பிழையோ?" அவர் இல்லை என்றார். கையால் தட்டச்சுச் செய்யும் ஷெல் எதுவாகவும் இருக்கலாம். இசட் ஷெல் நல்லது. சொற்களைத் தானே நிறைவு செய்து தரும். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டவும் செய்யலாம். ஆனால், எழுதிச் சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுதி ஒவ்வொன்றும் தான் எந்த ஷெல்லுக்காக எழுதப்பட்டது என்பதைத் தனது முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். ஓர் எண் குறி, ஒரு வியப்புக்குறி, அதன் பின் அந்த ஷெல்லின் முகவரி. அந்த ஒற்றை வரி இருந்தால், நீங்கள் எந்த ஷெல்லில் இருந்து அழைத்தாலும், கணினி அந்தத் தொகுதிக்குரிய முதலியாரைத் தேடிப் பிடித்து அவரிடமே ஒப்படைக்கும். எனது தொகுதிக்கு அந்த வரி இல்லை. அமைப்புக் கோப்புக்குள் கிடந்ததால், அன்று ஆசனத்தில் இருந்தவர் எவரோ அவர் தமக்குத் தெரிந்தபடி வாசித்தார்.

முதல் வரி இருந்தும் தவறிப்போனவர்கள் உண்டு என்றும் அவர் சொன்னார். 2006 இல் உபுண்டு லினக்ஸின் 6.10 ஆம் பதிப்பில், பயனர்களின் ஷெல்லைப் பாஷாகவே விட்டுவிட்டு, நிரல்கள் பின்னணியில் பயன்படுத்தும் பொது ஷெல்லை மட்டும் 'டாஷ்' என்ற சிறிய, வேகமான ஒன்றாக மாற்றினார்கள். கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பது நோக்கம். முதல் வரியில் பொது ஷெல்லின் பெயரை எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே தெரிந்த சொற்களைப் பயன்படுத்தியிருந்த தொகுதிகள் பல அன்று முறிந்தன. அதாவது, அவை முதல் வரியில் உண்மை சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எனது பாமினிக் கோப்புகளுக்கும் நேர்ந்தது இதே கதிதான். 'இது பாமினியில் எழுதப்பட்டது' என்று அந்த ஆயிரத்து நானூறு கோப்புகளில் ஒன்றிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதிய காலத்தில் அது அவசியமாகத் தோன்றவில்லை. காரியாலயத்தில் எல்லோரிடமும் இருந்தது அதுவே. நாளையும் அதுவே இருக்கும் என்று நம்பினோம். ஜே, கே, பி, ஓ என்று தெரியும் குப்பையைப் பார்த்து இது தமிழ் என்று அறிவதற்கு, அதை எழுதியவனே உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஊமைத்தனத்திலிருந்து அவற்றை மீட்கப் புறப்பட்ட நான், அதே ஊமைத்தனம் கொண்ட ஒரு கருவியால் மீட்டேன். பழைய குறைக்குப் பதிலாகப் புதிய குறை ஒன்று ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் முழுவதும் திருத்த வேலைதான். இறுவட்டின் மூலக் கோப்புகளை நான் தொட்டிருக்கவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம். தொகுதியை அமைப்புக் கோப்பிலிருந்து வெளியே எடுத்து, தனிக் கோப்பாக்கி, முதல் வரியில் பாஷின் முகவரியை எழுதினேன். மாற்றிய கோப்புகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து மீண்டும் ஓட விட்டேன். இம்முறை மூலக் கோப்பின் பெயரை அழிக்கவில்லை. ஒவ்வொரு புதிய கோப்பின் தலையிலும் மூலப் பெயர், மூல எழுத்துரு, மாற்றிய நாள் ஆகிய மூன்றும் வரும்படி செய்தேன். பின்னர், நான் கொப்பியில் ஒட்டி வைத்திருந்த பத்திரிகை நறுக்குகளில் முப்பதை எடுத்து, திகதியையும் கிழமையையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். முப்பதும் பொருந்தின. கடைசியாக, ஆறு ஆண்டுகளின் டிசெம்பரையும் திறந்து பார்த்தேன். 1996 டிசெம்பரில் பதினொரு செய்திகள் இருந்தன. அந்த மாதம் நான் விடுமுறையில் போகவில்லை.

ரொறன்ரோவுக்கு எழுதிய கடிதமே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஷெல், வரிசை, பூச்சியம் என்றெல்லாம் விளக்கத் தொடங்கி, பாதியில் அழித்துவிட்டேன். 'செய்தி வெளியான திகதி 1996 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. முன்னர் நான் அனுப்பியது தவறு. தவறு முழுவதும் எனது கணினி வேலையில் நேர்ந்தது. உங்கள் ஞாபகம் சரியானது' என்று நான்கு வரி எழுதினேன். மூலக் கோப்பின் பெயர் தெரியும் படம் ஒன்றையும் இணைத்தேன். வாக்குமூலம் இன்னும் கையளிக்கப்படவில்லை என்றும், அம்மாவிடம் தாம் எதுவும் கேட்கவில்லை என்றும், இனிக் கேட்க வேண்டிய தேவையில்லை என்பதே பெரிய நிம்மதி என்றும் பதில் வந்தது.

இன்று எனது கணினியில் இசட் ஷெல்தான் இயல்புநிலையாக இருக்கிறது. பழையதற்குத் திரும்பவில்லை. சேமித்து வைத்த தொகுதிகள் யாவும் தத்தம் முதல் வரியோடு பாஷில் ஓடுகின்றன.

உங்களில் எவரேனும் ஷெல்லை மாற்ற எண்ணியிருந்தால், உடனே நிரந்தரமாக மாற்றாதீர்கள். புதிய ஷெல்லின் பெயரை மட்டும் தட்டச்சுச் செய்தாலே அது திறக்கும். சில நாள் அப்படிப் பழகுங்கள். மாற்றும் நாளில் பழைய சாளரம் ஒன்றை மூடாமல் வைத்திருங்கள். பழைய அமைப்புக் கோப்பை அப்படியே புதியதில் ஒட்டாதீர்கள்; வரிவரியாக வாசித்து, விளங்கியதை மட்டும் கொண்டு போங்கள். வரிசைகளை எண்ணும் இடம் எதுவாயினும், முதலாவதும் கடைசியும் சரியாக வருகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

பழைய பாமினிக் கோப்புகளோ, திஸ்கிக் கோப்புகளோ, தந்தையார் தட்டச்சுச் செய்து வைத்த சங்க அறிக்கைகளோ உங்கள் வீட்டில் இருக்குமானால், மாற்றுவதற்கு முன் மூலத்தை ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். மாற்றிய கோப்பின் முதல் வரியில், இது எந்த எழுத்துருவிலிருந்து, எந்த நாளில், எவரால் மாற்றப்பட்டது என்று எழுதி வையுங்கள். இறுவட்டுகளின் ஆயுள் முடிந்துகொண்டு வருகிறது. சென்ற மாதம் எனது பெட்டியில் இருந்த இரண்டு திறக்கவில்லை. அவற்றின் பிரதிகள் கணினியில் இருந்தபடியால் தப்பினேன்.